கரையிலிருந்து குரல் கொடுக்கக் கூடாது

எங்கள் போட் கிளப்பின் கறுப்புத் தொலைபேசி ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் நாலேகாலுக்கு, டாக்டர் பெர்க்மான்ஸ் மொராயிஸ் கடலில் இருக்கும்போது மட்டும், அடிக்கத் தொடங்கியதும், எடுத்தால் மறுமுனையில் அவர் மனைவி ஜெசிந்தா அம்மாள் "டாக்டர் கரைக்கு வந்துட்டாகளா?" என்று கேட்கத் தொடங்கியதும், அந்த அம்மாளை நாங்கள் எல்லாரும் சேர்ந்து அடக்கம் செய்து மூன்று வாரம் ஆன பிறகுதான். முதல் தடவை எடுத்தவன் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்ளும் மார்க்கர் தொம்மை. "இன்னும் வரலைம்மா, ரெண்டாவது சுத்துல இருக்காக" என்று வழக்கம்போலப் பதில் சொல்லி, வைத்த பிறகுதான் யாரோடு பேசினோம் என்று யோசித்தான். யோசித்துவிட்டுப் போய் மேசையின் பச்சைத் துணியைத் துடைத்தான். பாதியில் நிறுத்த முடியாத வேலை அது.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடியில் ஒரு டாக்டர் தழைக்க வேண்டுமானால் மருந்து தெரிந்தால் மட்டும் போதாது, கிளப்பில் சேர வேண்டும் என்பது எங்கள் அப்பாமார் காலத்து ஏற்பாடு. துறைமுக அதிகாரியும் மில் மேனேஜரும் உப்பு முதலாளிகளும் அங்கேதான் சாயங்காலத்தைக் கழித்தார்கள். அவர்களோடு சீட்டு விளையாடாத டாக்டரிடம் அவர்கள் வயிற்று வலியைக் காட்ட மாட்டார்கள். ஆகவே மொராயிஸ் டாக்டர் படிப்பு முடிந்து வந்த வருஷமே சீட்டு கிளப்பில் சேர்ந்தார். ரம்மியில் ஜோக்கரை வைத்துக்கொண்டு யோசிக்கிற நேரத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் நாக்கை நீட்டினார். அங்கிருந்து டென்னிஸ் கிளப்புக்குப் போனார், வலைக்கு அந்தப் பக்கம் நின்றவர் ஆட்டத்தை நிறுத்தி முழங்காலைக் காட்டினார். கடைசியாக எங்கள் போட் கிளப்புக்கு வந்து, ஒரு சின்னப் பாய்ப்படகை வாங்கி, கச்சான் என்கிற மேல்காற்றில் முதல் நாள் வெளியே போய்த் திரும்பியபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் பார்த்தேன். "யாரும் நாக்கை நீட்ட முடியாத இடம் இது ஒண்ணுதான்யா" என்றார். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் ஒரு ஞாயிறு தப்பியதில்லை.

கிளப்புக்கு வெள்ளைக்காரன் காலத்து விதிப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் பத்தொன்பதாவது விதி, போட்டியில் இருக்கும் படகுக்குக் கரையிலிருந்து யாரும் குரல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அந்தப் படகு போட்டியிலிருந்து நீக்கப்படும் என்பது. காற்று எங்கே திரும்புகிறது என்று கரையில் நின்று கத்தி உதவி செய்கிறவர்களைத் தடுக்க எழுதியது. டாக்டர் பதினோரு வருஷம் கோப்பைப் போட்டியில் இரண்டாவதாக வந்தவர். ஒரு வருஷம் முதலாவதாக வந்துகொண்டிருந்தபோது, சுங்க அதிகாரி வீட்டம்மாவுக்கு விக்கல் நிற்கவில்லை என்று யாரோ படகுத்துறையில் நின்று கத்திவிட, அவரை நீக்கிவிட்டார்கள். கோபத்தில் அவர் அடுத்த பொதுக்குழுவிலேயே ஒரு திருத்தம் கொண்டுவந்தார். 'வைத்தியருக்கு வரும் அழைப்புகளும் இவ்விதியில் அடங்கும். போட்டி முடியும்வரை அவை தெரிவிக்கப்படலாகாது.' நாங்கள் கைதட்டி நிறைவேற்றினோம். அதை டிஸ்பென்சரியின் தட்டச்சு இயந்திரத்தில் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தது ஜெசிந்தா அம்மாள். அந்த அம்மாள் கிளப்புக்குள் வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான், கிறிஸ்துமஸ் விருந்துக்கு, வர முடியும். மற்ற நாட்களில் பெண்கள் உள்ளே வரக் கூடாது என்பது ஏழாவது விதி.

போன வருஷத்துக் கோப்பைப் போட்டி, வழக்கம்போல, ஆடி மாசம் மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு நடந்தது. மூன்றரைக்குப் படகுகள் கிளம்பின. நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தபோது டாக்டர் மற்றவர்களைவிட நூறு கெஜம் முன்னால் இருந்தார். எடுத்தவர் எங்கள் கௌரவச் செயலாளர் குற்றாலலிங்கம், உப்பு ஆபீசில் முப்பது வருஷம் வேலை பார்த்து, எழுதி வைத்ததிலிருந்து ஒரு எழுத்துகூட விலகாதவர் என்று பெயர் வாங்கியவர். அந்த ரிசீவர் பழையது, உள்ளே பேசுவது பில்லியர்ட்ஸ் மேசைவரை கேட்கும். வராந்தாவில் நாங்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். பன்னிரண்டு பேருக்கும் கேட்டது.

"செக்ரட்டரி அண்ணாச்சி, எனக்கு நெஞ்சைக் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு. அவங்கள கொஞ்சம் கூப்பிடுதீகளா?"

"டாக்டர் முன்னாடி போய்ட்டிருக்காகம்மா. இன்னும் ஒண்ணேகால் மணி நேரந்தான். முடிஞ்ச உடனே சொல்லிருதேன்."

பிறகு அந்த அம்மாள் சிரித்த மாதிரி இருந்தது. "தெரியும் அண்ணாச்சி, விதி. நாந்தானே டைப் அடிச்சேன். ஜெயிச்சுட்டு வரட்டும்."

அவர் ஜெயித்தார். அஞ்சரைக்கு முடிவுக் கோட்டைத் தாண்டினார். பதினோரு வருஷம் காத்திருந்த மனுஷர் முதல் தடவையாகக் கோப்பையைத் தொடும்போது எப்படிச் சொல்வது என்று குற்றாலலிங்கம் ஐந்து நிமிஷம் தாமதித்தார். படம் எடுத்தவன் நான். "கோப்பையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க டாக்டர்" என்று நான் சொன்னேன், அவர் தூக்கினார், அது ஒரு ஐந்து நிமிஷம். பிறகு சொன்னோம். கிளப்பிலிருந்து அவர் வீட்டுக்குக் காரில் பத்து நிமிஷம். ஈரத் துணியோடு டாக்டர் தன் பழைய ஃபியட்டை ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில், மடியில் ரிசீவரோடு அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே இறந்திருந்தார்.

அடக்கத்தன்று டாக்டர் குற்றாலலிங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "போன் எப்போ வந்துச்சு?"

குற்றாலலிங்கம் எங்களைப் பார்த்தார். நாங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பார்த்தோம். "அஞ்சரைக்கு டாக்டர். நீங்க கோட்டைத் தாண்டுதீக, போன் அடிக்கி" என்றார் அவர். முப்பது வருஷம் ஒரு எழுத்து விலகாதவர் வாயிலிருந்து வந்த முதல் பொய் என்று நினைக்கிறேன். அதை அவர் ஒருவர் மட்டும் சொல்லவில்லை, பன்னிரண்டு பேர் சேர்ந்து சொன்னோம். டாக்டர் தலையாட்டினார். அடுத்த வாரம் வீட்டுத் தொலைபேசியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த எண் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் உட்கார முடியாமல் மறுபடி படகை எடுத்தார். அவர் மூன்றாவது ஞாயிறு படகை எடுத்தபோதுதான் நான் முதலில் சொன்ன அழைப்பு வந்தது.

இரண்டாவது வாரமும் வந்தது. மூன்றாவது வாரம் குற்றாலலிங்கமே எடுத்தார், குரலைக் கேட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "டாக்டர் கரைக்கு வந்துட்டாகளா அண்ணாச்சி?" "இன்னும் இல்லம்மா." "சரி, வந்தா சொல்லுங்க. இங்க ஒரே புழுக்கமா இருக்கு. அங்க காத்து வருதா?" "வருதும்மா, நல்ல காத்து." அவர் பேசிய நேரம் முழுக்க நாங்கள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தோம். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அந்த எண்ணைத் திருப்பிச் சுழற்றிப் பார்த்தபோது ஐஸ் கம்பெனிக்காரர் எடுத்து, எத்தனை பாளம் வேண்டும் என்று கேட்டார்.

தொலைபேசி இலாகாவிலிருந்து லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார், வயரைக் கையால் தடவிக்கொண்டே சுவர்வரை வந்தார், லைன் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். அதோடு போயிருக்கலாம். ஞாயிறு நாலேகால்வரை இருந்து, தன் அம்மாவுக்குக் கால் வீங்குவதைப் பற்றி ஜெசிந்தா அம்மாளிடம் கேட்டு, உப்பைக் குறைக்கச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார். அந்த அம்மாள் டாக்டரில்லை, ஆனால் இருபது வருஷம் டிஸ்பென்சரியில் பொடி மடித்துக் கொடுத்தவர். பங்குச் சாமியாரிடம் போய்ச் சொன்னோம். அவர் நெடுநேரம் தாடியைத் தடவிவிட்டு, "மரியாதையா பதில் சொல்லுங்க. வேற என்ன செய்ய முடியும்?" என்றார்.

பிறகு பெண்கள் வந்தார்கள். ஏழாவது விதியைத் தூக்கிக் காட்டிய குற்றாலலிங்கத்தை அவர்கள் விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நிர்வாகக் குழு அவசரமாகக் கூடி, 'தொலைபேசிக்காக வரும் பெண்கள் நீங்கலாக' என்று சேர்த்துக்கொண்டது. வராந்தாவில் அவர்களுக்கு ஒரு பெஞ்சு போட்டோம். கோயில் பாடகர் குழுவின் நோட்டு எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள், ஜெசிந்தா அம்மாள் சொன்னார், இருந்தது. டிஸ்பென்சரி நர்ஸ் செல்லக்கனி குளிர்ப்பெட்டியின் சாவியைக் கேட்டாள். ஒருத்தி தன் மருமகள் பேசுவதில்லை என்று சொல்லி அழுதாள். வரிசையில் நிற்பவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய ஒரே ஒரு வழக்கத்தை யாரும் எழுதவில்லை, எல்லாரும் கடைப்பிடித்தார்கள். அந்த அம்மாளிடம் இன்றைக்கு என்ன தேதி என்று யாரும் சொல்லக் கூடாது. ஒரு நாள் செல்லக்கனிக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன்ட்டி அழுத?" என்று கேட்டது ரிசீவர். "வெங்காயம் உரிச்சேன்க்கா" என்றாள் செல்லக்கனி, போட் கிளப் வராந்தாவில் நின்றுகொண்டு.

ஊர் முழுக்கத் தெரிந்த இந்த விஷயம் டாக்டருக்கு மட்டும் ஐந்து மாதம் தெரியாமல் இருந்தது. ஒவ்வொரு வாரமும் அவர் கடலில் இருக்கும்போது அழைப்பு வந்து முடிந்துவிடும். அவர் திரும்பும்போது பெஞ்சு காலியாக இருக்கும், நாங்கள் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். அவர் நன்றாக மெலிந்துபோயிருந்தார். நோயாளிகளின் நாக்கைப் பார்ப்பார், மருந்து எழுதுவார், வேறு பேச்சு கிடையாது. எங்களுக்கு அவரை நேராகப் பார்க்க வெட்கமாக இருந்தது.

தெரிந்தது மக்ரூனால். கிறிஸ்துமஸுக்கு ஒரு நோயாளி வீட்டிலிருந்து டிஸ்பென்சரிக்கு ஒரு டப்பா மக்ரூன் வந்தது. ஒன்றை வாயில் போட்டவர் அப்படியே நின்றுவிட்டார் என்று செல்லக்கனி சொன்னாள். முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளையும் ஊரில் எல்லாரும் போடுவதுதான். அதில் எலுமிச்சைத் தோலை ஒரு துளி துருவிப் போடுகிறவர் ஜெசிந்தா அம்மாள் ஒருவர்தான். அதை அவர் உயிரோடு இருந்தவரை யாருக்கும் சொன்னதில்லை.

"இத யாரு சொல்லிக் குடுத்தா?" என்று டாக்டர் கேட்டார்.

செல்லக்கனிக்குப் பொய் சொல்லத் தெரியாது. வெங்காயத்தோடு அவள் கையிருப்பு தீர்ந்துவிட்டது. "அக்காதான்" என்றாள், ஞாயிறுதோறும் கிளப்புக்கு வரும் போனைப் பற்றியும் சொன்னாள். மணியை அவர் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை.

அடுத்த ஞாயிறு டாக்டர் படகை எடுக்கவில்லை. சவரம் செய்து, அயர்ன் பண்ணின சட்டை போட்டு, மத்தியானம் மூன்று மணிக்கே வந்து தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்தார். பெண்கள் ஒருவரும் பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றார்கள். நாலேகால் ஆனது, அடிக்கவில்லை. அஞ்சரை ஆனது. ஏழு மணிக்கு அவர் எழுந்தபோது அவர் சட்டையின் முதுகு முழுக்க நனைந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. மூன்றாவது ஞாயிறு அவர் புரிந்துகொண்டு கடலுக்குப் போனார், தொலைபேசி அடித்தது. அவர் தண்ணீரில் இருந்தால்தான் அவள் கூப்பிடுவாள், கரையில் இருந்தால் கூப்பிடத் தேவையில்லையே. ஆகவே அவர் மனைவி மற்றவர்களிடமாவது பேசட்டும் என்று ஞாயிறுதோறும் படகை எடுத்தார். அதைவிடப் பெரிய காதலை நான் பார்த்ததில்லை, அதைவிடப் பெரிய தண்டனையையும்.

ஆனால் அவருக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, அந்த நம்பிக்கையைக் கொடுத்தது எங்கள் பொய். "எப்போ வருது?" என்று கேட்டார். "அஞ்சரைக்கு டாக்டர்" என்றார் குற்றாலலிங்கம், வேறு எதைச் சொன்னாலும் கல்லறைத் தோட்டத்தில் சொன்னது கிழிந்துவிடும். ஆகவே டாக்டர் கணக்குப் போட்டார். அஞ்சரைக்குக் கொஞ்சம் முன்னால் கரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், தண்ணீரில்தான் இருக்க வேண்டும், மணி அஞ்சரை ஆனதும் குதித்து ஓட வேண்டும், ஒரு வார்த்தையாவது கேட்டுவிடலாம். அறுபது வயது மனுஷர், இடுப்பளவுத் தண்ணீரில் குதித்து, படகுத்துறைப் படிகளில் வழுக்கி, மூச்சிரைக்க வராந்தாவுக்கு ஓடி வருவார். குற்றாலலிங்கம் ரிசீவரில் கை வைத்தபடி நிற்பார். "இப்பத்தான் வச்சாக டாக்டர்."

ஒவ்வொரு ஞாயிறும். இப்பத்தான் வச்சாக டாக்டர்.

"என்னய்யா சொன்னா?" என்று அவர் தரையில் தண்ணீர் சொட்டக் கேட்பார். நாங்கள் சொல்வோம். மாடியில் துணி காய்கிறதாம். உங்களைத் தலையைத் துவட்டச் சொன்னார்கள். அதெல்லாம் உண்மையாகவே அந்த அம்மாள் சொன்னதுதான், ஒன்றேகால் மணி நேரத்துக்கு முன்னால். அவர் கேட்டுவிட்டுப் பிள்ளைபோலத் தலையைத் துவட்டுவார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நாலேகால் என்று. சொல்லியிருந்தால் அன்றைக்கும் நாலேகாலா என்று அவர் கேட்டிருப்பார். அந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு பன்னிரண்டு பெரிய மனிதர்கள் வாரந்தோறும் ஒருவரை ஓட விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலத்தில் செல்லக்கனிதான் முதலில் கவனித்தாள். "அக்காவுக்கு மூச்சு வாங்குது" என்றாள். நாங்களும் காது கொடுத்தோம். ஆமாம். ஆவணியில் அரை மணி நேரம் பேசியவர் இப்போது கால் மணி நேரத்தில் களைத்தார். சித்திரையில் ஐந்து நிமிஷம் பேசினார். வைகாசியில் பெண்கள் பெஞ்சில் உட்கார வந்தார்களே தவிர யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அந்த அம்மாளைப் பேச வைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. "டாக்டர் கரைக்கு வந்துட்டாகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ரிசீவரில் மூச்சு மட்டும் வரும், ஏறி இறங்கி, ஏறி இறங்கி. குற்றாலலிங்கம் அதைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர் என்னிடம் சொன்னார். "நான் அந்த அம்மாள ரெண்டாந்தடவையும் சாவ விடுதேன்லா."

கோப்பைப் போட்டி மறுபடி வந்தது. கொடியேற்றத்துக்கு முந்தின ஞாயிறு, நல்ல கச்சான், மூன்றரைக்குப் படகுகள் கிளம்பின. டாக்டர் ஜெயிக்க நினைத்து ஓட்டவில்லை, ஆனாலும் இருபத்து மூன்று வருஷத்துப் பழக்கம் கையில் இருக்கிறதே, நாலு மணிக்கெல்லாம் அவர்தான் முன்னால் இருந்தார். நாலேகாலுக்குத் தொலைபேசி அடித்தது. குற்றாலலிங்கம் எடுத்தார். பெண்கள், நாங்கள், தொம்மை, எல்லாரும் நின்றோம்.

"செக்ரட்டரி அண்ணாச்சி. எனக்கு நெஞ்சைக் கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு. அவங்கள கொஞ்சம் கூப்பிடுதீகளா?"

ஒரு வருஷமாக அந்த அம்மாள் சொல்லாத வாக்கியம் அது. குற்றாலலிங்கத்தின் உதடு ஆடியது. இன்னும் ஒண்ணேகால் மணி நேரந்தான் என்று அது சொல்லப்போகிறதோ என்று நான் பயந்தேன். எழுதி வைத்ததை முப்பது வருஷம் படித்த உதடு அது.

"இந்தா கூப்பிடுதேன்ம்மா. போனை வச்சிராதீக" என்றார். ரிசீவரைக் கொக்கியில் வைக்காமல் மேசையில் படுக்க வைத்தார். சுவரில் தொங்கிய பித்தளைக் கூம்பை, போட்டியைத் தொடங்கி வைக்க மட்டும் எடுப்பதை, எடுத்துக்கொண்டு படகுத்துறையின் நுனிக்கு நடந்தார். ஓடவில்லை. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கூம்பை வாயில் வைத்து, அந்தக் கிளப்பில் எழுபது வருஷமாக எந்தச் செயலாளரும் செய்யாததைச் செய்தார்.

"டாக்டர்! வீட்ல இருந்து போன்! உடனே வாங்க!"

மிதவையைச் சுற்றப்போன படகு அப்படியே நின்றது. பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு படகு எங்கள் பக்கம் திரும்பியது. பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாக அவரைத் தாண்டிப் போயின, அவர் குறுக்கே நேராகக் கரைக்கு வந்தார்.

படியேறி வந்தவரின் முன்னால் குற்றாலலிங்கம் நின்றார். "மணி என்ன பாருங்க டாக்டர்" என்றார். டாக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நாலரை. "போன வருஷமும் நாலேகாலுக்குத்தான் வந்துச்சு. நாந்தான் எடுத்தேன். விதின்னு சொன்னேன். பொறவு உங்கட்ட பொய் சொன்னேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார். யாரையாவது அடிப்பார் என்றுகூட நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எங்களை விலக்கிவிட்டுப் போய் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஜெசி."

மூச்சு மட்டும் தூரத்திலிருந்து கேட்டது. அந்த அம்மாளும் அங்கே ரிசீவரை மேசையில் வைத்துவிட்டுச் சாய்ந்திருக்க வேண்டும். அவர்கள் வீட்டு மின்விசிறியின் கிரீச்சென்ற சத்தம் எங்கள் வராந்தா முழுக்கக் கேட்டது. "ஜெசி, நான் பேசுதேன். படுக்காத, சாஞ்சு உக்காரு. ரவிக்கைய இளக்கிவிடு. மேசை இழுப்புல வெள்ளை மாத்திரை இருக்கு, நாக்குக்கு அடில வை. ஜெசி, கேக்குதா?" அவர் முப்பது வருஷத்துக்கு மேல் ஊருக்குச் சொன்ன குரலில், நிதானமாக, மறுபடி மறுபடி சொன்னார். கேட்டதற்கு அடையாளமே இல்லை. பத்து நிமிஷம் சொன்னார். பெண்கள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு நின்றார்கள்.

நாலே முக்காலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது, ரிசீவருக்குள் ஒரு கார் ஹாரன் அடித்தது. நாள்பட்ட இருமல்காரன் மாதிரி இரண்டு தரம் அடைத்து அடைத்து அடிக்கிற ஹாரன். ஊரில் அப்படி அடிப்பது ஒரே ஒரு ஃபியட். நாங்கள் எல்லாரும் திரும்பி வெளியே பார்த்தோம். ஃபியட் பூவரச மரத்தடியில் ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

ரிசீவருக்குள்ளே கேட் திறந்தது. செருப்பில்லாத ஈரக் கால்கள் ஓடி வந்தன. கதவு தள்ளப்பட்டது.

"வந்துட்டீகளா" என்றது ஜெசிந்தா அம்மாளின் குரல். "கிளப்ல சொன்னாகளா?"

"சொன்னாங்க" என்றது அதே மறுமுனையில் டாக்டரின் குரல், மூச்சிரைக்க. "பேசாத. கையைக் குடு."

"போட்டி?"

"கிடக்கட்டும். கையைக் குடுன்னு சொல்லுதேன்லா."

பிறகு அந்த முனையில் யாரோ ரிசீவரை எடுத்துக் கொக்கியில் வைத்தார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தத் தொலைபேசி எந்த ஞாயிறும் அந்த அம்மாளின் குரலோடு அடிக்கவில்லை.

டாக்டர் வெறும் ரிசீவரைக் காதில் வைத்தபடி நெடுநேரம் நின்றார். அவர் முகத்தில் அழுகையா, வேறெதுவா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை. வெளியே போட்டி முடிந்து யாரோ ஜெயித்தார்கள், யாரும் கைதட்டவில்லை. கடைசியில் அவர் ரிசீவரை வைத்துவிட்டு, "போட்டிப் புத்தகத்தைக் கொண்டாங்க" என்றார்.

குற்றாலலிங்கம் அன்றைய பக்கத்தை விரித்து நீட்டினார். அதைத் தள்ளிவிட்டு டாக்டரே பின்னால் புரட்டினார், போன வருஷத்துப் பக்கம்வரை. 'முதலிடம்: டாக்டர் பெர்க்மான்ஸ் மொராயிஸ், அஞ்சரை மணி' என்று அங்கே குற்றாலலிங்கத்தின் முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது. டாக்டர் அதன்மேல் ஒரு கோடு கிழித்தார். கீழே எழுதினார். டாக்டர்களின் கையெழுத்து யாருக்கும் புரியாது, ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு எழுத்தையும் ஒண்ணாம் வகுப்புப் பிள்ளை மாதிரி நிறுத்தி எழுதினார்.

'போட்டியிலிருந்து நீக்கம். நாலேகால் மணிக்குக் கரையிலிருந்து குரல் கொடுக்கப்பட்டது. உறுப்பினர் வீட்டுக்குப் போய்விட்டார்.'

பேனாவைக் குற்றாலலிங்கத்திடம் கொடுத்தார். அவர் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். பிறகு நாங்கள் ஒவ்வொருவராகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம், பன்னிரண்டு பேரும். கடைசியாகப் போட்டவன் நான்.

தலை துவட்டாமலே டாக்டர் வெளியே போனார். தொம்மை பின்னால் ஓடி, காரை எடுக்கவில்லையா என்று கேட்டான்.

"நீ ஓட்டிட்டு வா தொம்மை" என்றார் அவர். "நான் நடந்தே போறேன். எனக்கு இனிமே அவசரம் இல்ல."